மௌனப் பதிவேடு

வெள்ளைத் தாள் போதும்மா.

மூன்றே வார்த்தை. அதற்கா இந்தப் பாடு? நான் என்ன பொய்யா சொன்னேன்? உண்மை என்று நினைத்துத்தானே சொன்னேன். நினைத்தேனா? நினைக்க நேரம் ஏது? மணி ஐந்தாகப் போகிறது, பஸ் போய்விடும், இந்த அம்மாள் எழுந்து போனால் தேவலை என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சே, அப்படியும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல்தான் சொன்னேன். இரக்கம் பாதி, பஸ் பாதி. எது எவ்வளவு என்று யார் தராசில் வைத்துப் பார்ப்பது?

"தட்டுல ஒரு பூ போட்டிருந்துச்சு," என்றார் பின்னாலிருந்து அவள் வீட்டுக்காரர். "இப்போ காணோம்."

அவள் குனிந்து பார்த்தாள். ஒரே தட்டை எவ்வளவு நேரமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியவில்லை. பூவில் காம்பு மட்டும் மிச்சமிருந்தது.

"நாளைக்குக் கையெழுத்து," என்றாள்.

"தெரியும். பத்து நாளா சாப்பாட்டுல உப்பு இல்லாததுலயே தெரியும்."

அவள் ஒருங்கிணைப்புச் செயலகத்தில் பதிவாளர். அங்கே எல்லோருக்கும் 'பதிவேட்டம்மா'. நாளைக் காலை பத்தரை மணிக்கு ஆறு நாட்டுப் பிரதிநிதிகள் முன்னால் ஒரு பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஏழு வர்த்தக ஒப்பந்தங்களும் ஒன்றாகிவிடும். அவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு குமாஸ்தாவின் கையெழுத்து எதற்கு என்று கேட்டால், அது கொஞ்சம் நீண்ட கதை.

அக்கம்பக்கத்து நாடுகள் ஆறு. அவற்றில் இரண்டு முதலில் தங்களுக்குள் வரியில்லாமல் வாங்கி விற்க ஓர் ஒப்பந்தம் போட்டன. அதைப் பார்த்த மூன்றாவது நாட்டுக்கு வயிறு எரிந்தது. மூன்றுமாகச் சேர்ந்து இன்னொன்று போட்டன. பழையதை ரத்து செய்யவில்லை; இருப்பதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார்கள். இப்படியே போட்டுப்போட்டு ஏழாயிற்று. எந்த இரண்டு நாட்டை எடுத்தாலும் நடுவில் குறைந்தது மூன்று ஒப்பந்தம் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனிப் படிவம், படிவத்துக்குத் தனி நிறம். ஏழு போர்வை இருந்தும் கால் மட்டும் குளிரில் கிடப்பதுபோல், ஒரு பெட்டிச் சரக்கு நிம்மதியாக எல்லை தாண்ட மட்டும் வழியில்லை.

இவற்றை ஒரே ஒப்பந்தமாக்கி, ஆறு நாடுகளையும் ஒரே சந்தையாக்க இரண்டு வருட அவகாசத்தில் அமைக்கப்பட்டதுதான் செயலகம். அது ஆயிற்று பதினொரு வருடம். பெயர் வைக்கவே நான்கு வருடம் பிடித்தது. சிலர் ஒருங்கிணைந்த சந்தை என்றார்கள். சிலர் ஒன்றுபட்ட சந்தை என்றார்கள். 'சந்தை' என்றாலே காய்கறி வாடை அடிக்கிறது என்று ஒரு நாடு வெளிநடப்புச் செய்தது. கடைசியில் யார் மனமும் நோகக் கூடாது என்று எல்லாப் பெயரையும் சேர்த்தே வைத்தார்கள். பெயர்ப்பலகை கட்டிடத்தின் முன்பக்கத்தில் தொடங்கி, பக்கவாட்டில் திரும்பி, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் முடிந்தது.

எதையும் தள்ளாமல் சேர்ப்பதுதான் இயக்குநரின் கொள்கை. "ஒருங்கிணைப்புன்னா என்ன?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். பிறகு அவரே சொல்வார். "எதையும் விடாம இருக்கறது. என்னையே எடுத்துக்கங்க. பதினொரு வருஷமா இந்த நாற்காலியை விட்டேனா?"

அவருக்கு வலது கை சட்ட ஆலோசகர். அவருக்குச் செயலகம் வைத்த பெயர் 'அடிக்குறிப்பு'. அவர் சொல்லும் எந்த வாக்கியமும் அதோடு முடியாது. கீழே ஒன்று தொங்கும். காலை வணக்கம் சொன்னால்கூட, "இது பன்னிரண்டு மணி வரைக்கும் செல்லும்" என்று சேர்ப்பார்.

ஏழு ஒப்பந்தங்களிலும் பெரிய தகராறு, ஒரு பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்பதுதான். ஆறு நாடுகளுக்குள் பிறந்த சரக்குக்குத்தான் வரி கிடையாது. பிறந்த இடம் தெரியாத சரக்கு முழு வரி கட்ட வேண்டும். ஏழு ஒப்பந்தங்களும் ஏழு விதமாகப் பிறப்பைக் கணித்தன. அவற்றை ஒன்றாக்க ஒரு பொருளை எடுத்துச் சோதித்துப் பார்ப்போம் என்று இயக்குநர் முடிவு செய்தார். எந்தப் பொருள் என்று யோசித்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் அவருடைய குடை சாய்ந்திருந்தது. அன்று காலையில் மழை. வெயிலடித்திருந்தால் தொப்பிக்காரர்கள் மாட்டியிருப்பார்கள்.

"விரிங்க," என்றார்.

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பதிவாளர் எழுந்து போய் விரித்தாள். மேஜையில் இரண்டு சொட்டு தண்ணீர் விழுந்தது.

"விரிச்சா குடை. ஒத்துக்கறேன்," என்றார் அடிக்குறிப்பு. "மடக்கினா?"

"மடக்கினாலும் குடைதான் சார்," என்றாள்.

"அது உங்க சொந்தக் கருத்து. நாலாவது ஒப்பந்தப்படி மடக்கின நிலையில எல்லை தாண்டறது கம்பு. கம்புன்னா வனத்துறைச் சான்று வேணும்."

"இது இரும்பு சார்."

"அதான் சிக்கல். இரும்பு மரத்துக்கு வனத்துறையில படிவம் இல்ல."

ஆறு மாதம் குடை அந்த மேஜையிலேயே இருந்தது. மழை வந்தால் இயக்குநர் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார். சான்றுப் பொருளைத் தொடக்கூடாது. ஓர் ஒப்பந்தம், துணி நெய்த இடமே குடையின் பிறப்பிடம் என்றது. இன்னொன்று, கம்பி வார்த்த இடம் என்றது. இரண்டாவது ஒப்பந்தம் மட்டும், தைத்து முடித்த இடம் என்று பிழைக்கத் தெரியாத மாதிரி எளிமையாகச் சொல்லியிருந்தது. கடைசியில் இயக்குநர் தீர்ப்புச் சொன்னார்.

"எதையும் தள்ள வேணாம். எல்லா நிபந்தனையையும் சேர்த்துப் போடுங்க. துணியும் அங்கேயே நெய்யணும், கம்பியும் அங்கேயே வார்க்கணும், கைப்பிடி அச்சும் அங்கேயே செய்யணும், தைக்கறதும் அங்கேயே. யாருக்கும் மனக்குறை இருக்காது."

"அப்படி எல்லாத்தையும் ஒரே எடத்துல செய்யற குடை ஆறு நாட்டுலயும் இருக்கா சார்?" என்று அவள் கேட்டாள்.

"இல்லைன்னா இனிமே வரும். நாம வழி காட்டறோம்."

"வர வரைக்கும்," என்று அடிக்குறிப்பு சேர்த்தார், "ஏற்கெனவே இருக்கற குடைங்க பிறக்கலைன்னு எடுத்துக்கணும்."

அவள் அதை எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. 'தற்போதுள்ள குடைகள் பிறவாதவை' என்று கோடு பிசகாமல் எழுதினாள். எழுதும்போது உள்ளுக்குள் ஏதோ கசந்ததா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. அன்று அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தாள். மகளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

குடைக்கு ஆன கதி செருப்புக்கும் பொத்தானுக்கும் பூட்டுக்கும் ஆகி, வரைவு தயாரானது. அடுத்தது சம்மதம். ஆறு நாடுகளிடமும் 'சரியா' என்று கேட்டால் ஜென்மத்துக்கும் பதில் வராது. அதனால் 'யாராவது வேண்டாம் என்கிறீர்களா' என்று கேட்பது அங்கே வழக்கம். வரைவை இருபத்தொரு நாள் பார்வைக்கு வைப்பார்கள். அதற்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் எல்லோரும் சம்மதித்ததாக அர்த்தம். இதற்கு மௌன நடைமுறை என்று பெயர். நாடுகள்தான் என்றில்லை, பாதிக்கப்படும் எந்தத் தொழில்காரரும் ஆட்சேபிக்கலாம். ஒரே ஓர் ஆட்சேபணை வந்தாலும் மௌனம் உடைந்தது. அந்தப் பொருளைப் பற்றி மறுபடியும் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

மௌனத்துக்குக் கணக்கப்பிள்ளை அவள். தினமும் மாலை ஐந்து மணிக்குப் பதிவேட்டில், 'இன்று யாரும் எதுவும் சொல்லவில்லை' என்று எழுத வேண்டும். எல்லாம் முடிந்ததும், மௌனம் உடையவில்லை என்று கடைசிப் பக்கத்தில் சான்றளித்துக் கையெழுத்திட வேண்டும். விதிப்படி அதைப் பதிவாளர்தான் செய்யலாம். ஏனென்றால் எதுவும் சொல்லாதவர்களை நேரில் கவனித்தது அவர் ஒருவர்தான்.

அந்த நாட்களில் செயலகமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. தொலைபேசிக்குத் துண்டு சுற்றினார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்கள். ஏழாம் நாள் பார்வையிட வந்த ஒரு தூதர் வரைவுக்கு எதிரே நின்று தும்மிவிட்டார். அது ஆட்சேபணையா என்று இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. தனக்குப் புத்தகத் தூசி ஒத்துக்கொள்ளாது என்றும், தும்மலில் கொள்கை எதுவும் இல்லை என்றும் அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.

"இத்தனை வருஷ அனுபவத்துல," என்று இயக்குநர் பதினைந்தாம் நாள் கிசுகிசுத்தார், "இவ்வளவு தரமான மௌனத்தை நான் பாத்ததில்ல."

அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒன்றும் நடக்காததை நாள் தவறாமல் எழுதுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை அனுபவித்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பத்தொன்பதாம் நாள், ஐந்துக்குக் கால்மணி இருக்கும்போது, குடைக்காரம்மா வந்தாள்.

ஐம்பது வயதிருக்கும். சட்டைக் காலரில் குத்திய நூல் கோத்த ஊசியை எடுக்க மறந்து வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியதில் ஒரு செருப்பின் வார் அறுந்து கையில் வந்துவிட்டது. அதையும் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"நான் குடை தைக்கறவ, தங்கச்சி. பதினொரு பொம்பளைங்க என்கிட்ட வேலை செய்யறாங்க. துணி பக்கத்து நாட்டுலேருந்து வருது, கம்பி அதுக்கும் பக்கத்துலேருந்து. தைக்கறது நாங்க. எங்க குடையெல்லாம் எல்லைக்கு அந்தப்பக்கம் ஒருத்தர்தான் எடுக்கறாரு. புது ஒப்பந்தம் வந்தா உன் குடைக்கு முழு வரி, நான் எடுக்க முடியாதுங்கறாரு. என்னவோ, எங்க குடை பொறக்கவே இல்லையாமே?"

"அப்படித்தான் வரைவுல இருக்கு."

"நான்தானே பெத்தேன், எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "வேணாம்னு சொல்லணும். யாருகிட்ட சொல்லணும், எப்படிச் சொல்லணும், ஒண்ணும் தெரியல. நீங்க சொல்லுங்க."

பதிவாளர் அலமாரியைப் பார்த்தாள். ஏழு நிறத்தில் ஏழு ஆட்சேபணைப் படிவம். ஒவ்வொன்றும் பதினெட்டுப் பக்கம். இந்த அம்மாளின் குடை மூன்று ஒப்பந்தங்களின் கீழ் வந்தது. ஒன்றில் மட்டும் எழுதினால் மற்ற இரண்டிலும் சம்மதம் என்றாகும். மூன்றிலும் எழுதினால் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். இதை விளக்க ஒன்றரை மணி நேரமாகும். நிரப்ப இரண்டு நாளாகும். இருப்பதே இரண்டு நாள். சுவரில் மணி ஐந்துக்குப் பத்து.

"வெள்ளைத் தாள் போதும்மா," என்றாள். "உங்க கஷ்டத்தை எழுதி, வேணாம்னு எழுதுங்க. நான் வாங்கி முத்திரை போட்டுடறேன்."

"நெசமாவா? முத்திரைத்தாள், வக்கீலு, ஒண்ணும் வேணாமா?"

"ஒண்ணும் வேணாம்."

"நல்லா இருப்பீங்க, தங்கச்சி. பயந்துகிட்டே வந்தேன்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நிதானமாக எழுதினாள். பதிவாளர் வாங்கி முத்திரை குத்தி, பதிவேட்டின் அன்றைய வரியைக் காலியாக விட்டு, தாளை அதில் செருகினாள். ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தாள். ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீடு வந்து சேர்ந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் கூட்டத்தில் அந்தத் தாளை அடிக்குறிப்பு இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன?"

"ஆட்சேபணை சார். குடைக்காரம்மா ஒருத்தங்க."

"எந்தப் படிவத்துல?"

"வெள்ளைத் தாள்ல."

"வெள்ளை எந்த ஒப்பந்தத்தோட நிறமும் இல்லையே. அப்போ எந்த ஒப்பந்தத்தின் கீழயும் இந்தம்மா ஆட்சேபிக்கல."

"'வேணாம்'னு எழுதியிருக்காங்களே சார்."

"எழுதியிருக்காங்க. அதான் விசேஷமே." அடிக்குறிப்பின் முகம் மலர்ந்தது. "இத்தனை தூரம் வந்து, உக்காந்து எழுதினவங்க, முறைப்படி ஆட்சேபிக்கல. என்ன அர்த்தம்? யோசிச்சுதான் மௌனமா இருந்திருக்காங்க. மத்தவங்க தந்தது வாய்மொழி மௌனம். இது எழுத்து மூலமான மௌனம்."

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இத்தனை நாளா நாடுங்கதான் நமக்கு மௌனம் குடுத்துச்சு. இன்னிக்கு ஒரு உழைக்கற அம்மா, தன் கைப்பட மௌனம் எழுதிக் குடுத்திருக்காங்க. மக்கள் நம்மகூட இல்லைன்னு யாரு சொன்னது? இதை ஒப்பந்தத்துல பின்னிணைப்பா சேருங்க. தலைப்பு, 'மக்கள் பங்கேற்பு'. ஒரு நகலுக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில மாட்டுங்க."

"நீங்க படிச்சீங்களா சார்?" என்று அவள் கேட்டாள்.

"படிக்கணுமா என்ன? உணர முடியுது."

நான்தான் வெள்ளைத் தாள் போதும் என்று சொன்னேன். அந்த வாக்கியம் அவளுக்குத் தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தாள்.

"பதிவேட்டம்மா ஏதாவது சொல்றீங்களா?" என்றார் அடிக்குறிப்பு.

பன்னிரண்டு முகங்கள் திரும்பின. அடுத்த மாதம் மூத்த பதிவாளர் பதவிக்கு அவள் பெயர் போகிறது என்று இயக்குநர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். அதை நினைத்துத்தான் அடங்கினாளா, வெறும் பயமா? பதவி பாதி, பயம் பாதி என்று பின்னால் பங்கு பிரித்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் பாதி பாதியாகப் பிரித்தால் எதுவும் முழுத் தப்பாகத் தெரியாது. அந்த வித்தையை அவளுக்குச் செயலகம்தான் கற்றுக்கொடுத்ததா, பிறவியிலேயே இருந்ததா?

"இல்ல சார்," என்றாள்.

பிறகு குனிந்து, 'பதிவாளர் எதுவும் சொல்லவில்லை' என்று தன் அழகான கையெழுத்தில் தானே எழுதினாள்.

சனிக்கிழமை, நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். விலாசம் கடிதத்திலேயே இருந்தது. ஒரு பழைய அச்சகத்தின் மாடி. ஒரே நீளமான அறை. ஒரு பக்கம் துணியை எட்டு முக்கோணமாக வெட்டினார்கள். நடுவில் தையல் இயந்திரங்கள். கடைசியில் இரண்டு பெண்கள் தைத்த துணியைக் கம்பிக்கூட்டின் மேல் இழுத்து, ஒவ்வொரு கம்பி முனையிலும் சின்னத் தொப்பி மாட்டி, கையால் நாலு சுற்று முடிச்சுப் போட்டார்கள். முடிந்த குடையை ஒருத்தி விரித்து, மடக்கி, விரித்து, வெளிச்சத்தில் தூக்கி ஓட்டை பார்த்தாள்.

"அடடே! தங்கச்சி வந்திருக்காங்க!" குடைக்காரம்மா ஓடிவந்தாள். "நான் சொன்னேனில்ல, வெள்ளைத் தாள் தங்கச்சின்னு, இவங்கதான். ஏய், ஸ்டூலைத் தொடைச்சுப் போடு."

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள் பதிவாளர்.

"மொதல்ல டீ குடிங்க. கடிதத்தைப் படிச்சாங்களா மேல?"

"எல்லாரும் பாத்தாங்க."

"பெரிய ஐயா என்ன சொன்னாரு?"

"கண்ணு கலங்கிட்டாரு."

இரண்டுமே பொய்யில்லை. பொய்யில்லாத இரண்டு வாக்கியத்தை வைத்து இவ்வளவு பெரிய பொய்யைக் கட்டலாம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அறையில் இயந்திரங்கள் நின்றன. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா? சொன்னா கேப்பாங்கன்னு சொன்னேன்!" குடைக்காரம்மா தொடையில் தட்டினாள். "இவளுங்க நம்பல. இந்தம்மா வாக்கு குடுத்திருக்காங்கடீன்னு சொல்லித்தான், நின்னுபோன ரெண்டு பேரைத் திரும்பக் கூப்பிட்டேன். இப்போ பதிமூணு பேரு."

ஜன்னலோரம் இரண்டு புது ஸ்டூல்கள். அதில் இரண்டு பெண்கள். ஒருத்தி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

சொல் என்றது மனசு. டீ சூடாக இருந்தது. குடித்து முடித்ததும் சொல்லலாம் என்று குடித்தாள். முடித்ததும் தம்ளரை எங்கே வைப்பது என்று பார்த்தாள். வைத்ததும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

கிளம்பும்போது ஒரு குடையைக் கையில் திணிக்க வந்தாள் குடைக்காரம்மா. பதிவாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாங்க. நெசமா வேணாம்."

"பொறக்காத குடைன்னு வாங்க மாட்டேங்கறாங்க போல," என்றாள் கம்பி முனையில் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். படியிறங்கி, தெருமுனை திரும்பி, மூடியிருந்த ஒரு கடையின் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

இவ்வளவும் சேர்ந்துதான் அந்தத் தட்டின் பூவை அழித்தது.

வீட்டுக்காரர் தட்டை வாங்கித் துடைத்து வைத்தார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்தச் சிக்கலையும் ஏறுமா இறங்குமா என்றுதான் பார்ப்பார்.

"போடலைன்னா என்ன ஆகும்?"

"மறுபடி குடையைப் பத்திப் பேசணும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ. இல்லைன்னா விதியை மாத்தி வேற யாரையாவது போடச் சொல்வாங்க."

"சொல்லுவாங்கதானே? அப்போ நீ போட்டா என்ன, அவங்க போட்டா என்ன?"

"அது அவங்க கையெழுத்து."

அவர் அடுத்த தம்ளரை எடுத்துத் துடைத்தார். "மூத்த பதிவாளர்?"

"ஏறாது."

"இருக்கறதாவது?"

"தெரியல. இறங்கலாம்."

"உப்பு இல்லாட்டிப் பரவாயில்ல," என்றார் அவர். "இனிமே தட்டை மட்டும் என்கிட்ட குடுத்துடு."

மறுநாள் பத்தரைக்குக் கூடம் நிறைந்திருந்தது. ஆறு கொடிகள். ஆறு பிரதிநிதிகள். சுவரில், வரவேற்பறையிலிருந்து கழற்றி வந்து மாட்டிய, சட்டம் போட்ட கடிதம். அதன் கீழே ஒரு சின்ன விளக்கு. எழுதியவளை அழைக்கவில்லை. அழைத்தால் பேசிவிடக்கூடும் என்று அடிக்குறிப்பு முன்யோசனையாகச் சொல்லியிருந்தார்.

இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். "ஏழு ஒப்பந்தத்தை ஒண்ணாக்கச் சொன்னாங்க. நாங்க ஏழையும் அப்படியே வச்சுகிட்டு எட்டாவதா ஒண்ணு செஞ்சிருக்கோம். அந்த எட்டாவதுக்குள்ள ஏழும் இருக்கு. ஒண்ணுகூட வீணாகல! இனிமே ஒரு வியாபாரி ஏழு கதவைத் தட்ட வேண்டியதில்ல. ஒரே கதவு. அதைத் திறந்தா உள்ளே ஏழு கதவு. இந்தப் பணியைக் கண்காணிக்க இன்னும் பதினொரு வருஷம் செயலகம் தேவைப்படும்னு தாழ்மையோட சொல்லிக்கறேன்." பலமாகக் கை தட்டினார்கள்.

பதிவேட்டை மேஜையில் விரித்தார்கள். அவளை உட்கார வைத்தார்கள். கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட ஒரு வரி: 'இருபத்தொரு நாளும் யாரும் எதுவும் சொல்லவில்லை எனச் சான்றளிக்கிறேன்.' இயக்குநர் தன் சொந்தப் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். புகைப்படக்காரர் ஒரு முழங்காலில் அமர்ந்தார்.

பேசாமல் உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் நினைத்து வந்திருந்தாள். ஆனால் இந்தக் கட்டிடத்தில் பேசாமலிருந்தால் சம்மதம் என்று எழுதிவிடுவார்கள். எழுதுவது எப்படி என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"மாட்டேன் சார்," என்றாள்.

சத்தம் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள்.

இயக்குநரின் புன்னகை, புகைப்படத்துக்காக வைத்தது, இருந்த இடத்திலேயே இருந்தது. "ஏன்மா? பேனா எழுதலையா?"

"ஒருத்தங்க சொன்னாங்க சார். பத்தொன்பதாம் நாள். வேணாம்னு சொன்னாங்க. வெள்ளைத் தாள் போதும்னு நான்தான் தப்பாச் சொல்லி அனுப்பிச்சேன். அவங்க படிவத்துல எழுதாததுக்குக் காரணம் நான்."

அடிக்குறிப்பு சட்டென்று குனிந்து அவள் காதருகே வந்தார். முதல்முறையாக அவர் குரலில் கனிவு இருந்தது.

"மெதுவா. நீங்க சொன்னது எங்கேயும் பதிவாகல. பதிவாகாதது நடக்கல. நடக்காததுக்கு நீங்க பொறுப்பில்ல. உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு நான் எழுத்து மூலமாவே தரேன். முத்திரையோட. இப்பவே. கையெழுத்தைப் போடுங்க, அதைக் கையில வாங்கிக்கங்க."

பத்து நாளாக இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் அவள் ஏங்கியிருந்தாள். வீட்டுக்காரர் சொல்லவில்லை. தனக்குத் தானே எத்தனை முறை சொல்லிப் பார்த்தும் ஒட்டவில்லை. இப்போது ஒருவர் முத்திரையோடு தருகிறேன் என்கிறார். ஒரு கணம் அந்தத் தாளைக் கண்முன்னே பார்த்தாள். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டால், இன்று சாயங்காலம் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிவிடுவாள். அது நிச்சயமாகத் தெரிந்தது.

பதிமூன்று ஸ்டூல்களும் தெரிந்தன.

"வேணாம் சார்," என்றாள். "அது என்கிட்டயே இருக்கட்டும்."

"எது?"

"அந்தத் தப்பு."

கூடத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. இயக்குநரின் கை பேனாவோடு நீண்டபடியே இருந்தது. அவள் மடியில் கோத்து வைத்த கைகளைப் பிரிக்கவில்லை.